பூனைக்கு ஸ்டீராய்டு... எத்தனை நாளைக்கு?

உங்கள் வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா? ஓயாமல் உடம்பைச் சொறிந்து, முடி கொட்டி, கழுத்தெல்லாம் புண்ணாகிக் கிடந்த அதைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடியிருக்கிறீர்களா? ஒரே ஓர் ஊசி! இரண்டு நாளில் அரிப்பு நின்று, புண் காய்ந்து, பழையபடி சோபாவில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டிருக்கும். 'ஆஹா, என்ன அருமையான மருந்து!' என்று நீங்களும் நிம்மதியாகியிருப்பீர்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி அரிப்பு. மறுபடி அதே ஊசி. அப்புறம், 'எதுக்கு ஒவ்வொரு தடவையும் கூடையில போட்டு ஆட்டோவுல தூக்கிட்டு அலையணும்? பழைய சீட்டு இருக்கு, அந்த மாத்திரையையே கடையில வாங்கிக் கொடுத்துடலாமே' என்று தோன்றும். இப்படியே ஒரு வருஷம் ஓடிவிடும். பூனையும் கொழுகொழுவென்று ஆகிவிடும். பார்க்கிறவர்கள் எல்லாம், 'என்ன போடுறீங்க இதுக்கு? இப்படி இருக்கே!' என்பார்கள்.

அந்த ஊசியிலும் மாத்திரையிலும் இருந்தது அநேகமாக 'ஸ்டீராய்டு'. அந்தக் கொழுகொழுப்பும் அதன் வேலையாகவே இருக்கலாம்.

'சித்த வைத்தியருக்கும் பூனைக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. மூட்டு வலி, தோல் நோய் என்று என்னிடம் வருகிறவர்களில் பலர், சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது மெதுவாக ஒரு கேள்வி கேட்கிறார்கள். 'டாக்டர், எங்க பூனைக்கு ரொம்ப நாளா ஸ்டீராய்டு கொடுக்கிறோம். பயமா இருக்கு. அதை நிறுத்திட்டு ஏதாவது சூரணம் கொடுங்களேன்...'

அவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான்: 'திடீர்னு நிறுத்தாதீங்க. சூரணமும் கொடுக்காதீங்க. பார்த்த டாக்டர்கிட்டயே போய், எத்தனை நாளைக்குன்னு கேளுங்க.' ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

ஸ்டீராய்டு என்பது என்ன?

ஸ்டீராய்டு என்றதும் விஷம் என்று நினைக்க வேண்டாம். நம் உடம்பிலும் பூனையின் உடம்பிலும் சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில் ஆளுக்கொன்றாக 'அட்ரினல்' என்ற சின்னஞ்சிறு சுரப்பி இருக்கிறது. அது தினமும் 'கார்டிசால்' என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பயம், பட்டினி, காயம், காய்ச்சல் என்று எந்த நெருக்கடி வந்தாலும் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது இந்த ஹார்மோன்தான். இதைப் போலவே வேலை செய்யும்படி, ஆனால் பல மடங்கு வீரியத்தோடு தயாரிக்கப்பட்டவைதான் ப்ரெட்னிசலோன், டெக்ஸாமெதசோன், ட்ரையாம்சினலோன் போன்ற மருந்துகள்.

1948ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் இருந்த ஒரு பெண்ணுக்கு டாக்டர் பிலிப் ஹென்ச் குழுவினர் 'கார்டிசோன்' ஊசி போட்டார்கள். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். உலகமே அசந்து போனது. 1950ஆம் ஆண்டு ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், நோய் போய்விடவில்லை, அமுங்கித்தான் இருந்தது என்பதும், மருந்து தொடரத் தொடர வேறு தொல்லைகள் கிளம்புகின்றன என்பதும் கொஞ்ச காலத்திலேயே தெரிந்துவிட்டன.

பூனைகள் விஷயத்திலும் இதே கதைதான். ஆஸ்துமா, ஒவ்வாமை அரிப்பு, நாள்பட்ட குடல் அழற்சி, சில வகை இரத்த நோய்கள், ஒரு சில புற்றுநோய்கள்... இவற்றுக்கெல்லாம் ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. மூச்சுத் திணறி வாயைத் திறந்து இரைக்கிற பூனைக்கு ஸ்டீராய்டு வேண்டாம் என்று எந்த வைத்தியரும் சொல்ல மாட்டார். நானும் சொல்ல மாட்டேன்.

எங்கள் சித்த மருத்துவத்தில் மருந்துக்கு எப்போதும் நாள் கணக்கு உண்டு. ஒரு மண்டலம், அரை மண்டலம், மூன்று நாள், ஏழு நாள் என்று சொல்லித்தான் கொடுப்போம். நாள் கணக்கு இல்லாமல் ஒரு மருந்து ஓடிக்கொண்டிருந்தால், அது எந்த வைத்திய முறையாக இருந்தாலும் ஆபத்துதான்.

பூனை தாங்கும்... அதுதான் வம்பு!

நாய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் இரண்டாம் நாளே தெரிந்துவிடும். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், வீடெல்லாம் சிறுநீர் கழிக்கும், மூச்சு வாங்கும். வீட்டுக்காரரே அலறியடித்துக்கொண்டு டாக்டருக்குப் போன் போடுவார்.

பூனை அப்படி இல்லை. இந்த மருந்து ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் 'ஏற்பிகள்' பூனையின் செல்களில் நாயைவிடக் குறைவு. அதனால் பூனைக்கு எடைக்கு எடை கூடுதல் அளவு கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் பக்கவிளைவும் பெரிதாக வெளியே தெரிவதில்லை. பசி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். 'நல்லா சாப்பிடுது டாக்டர்' என்று நாமும் சந்தோஷப்படுவோம்.

போதாக்குறைக்கு, நோயை மறைப்பது பூனையின் சுபாவம். வலித்தாலும் கத்தாது. பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆகவே உள்ளே கோளாறு ஆரம்பித்து, நம் கண்ணுக்குத் தெரிவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

நாள்பட்டால் என்னென்ன வரும்?

சர்க்கரை நோய்: முதல் பயம் இதுதான். ஸ்டீராய்டு கல்லீரலைத் தூண்டி இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். இன்சுலின் வேலை செய்யவிடாமலும் தடுக்கும். பூனைக்கு இயல்பாகவே இந்தப் பலவீனம் உண்டு. நடுத்தர வயதைத் தாண்டிய, கருத்தடை செய்த, குண்டான ஆண் பூனை என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். 2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது 'கருப்புப் பூஞ்சை' நோய் நம் நாட்டைப் பதற வைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்டீராய்டும் சர்க்கரையும் கைகோத்தால் மனிதர்களுக்கே என்ன நடக்கும் என்பதை அப்போது பார்த்தோம். நாலு கிலோ பூனை எம்மாத்திரம்?

இதில் ஓர் ஆறுதல் உண்டு. ஸ்டீராய்டால் வந்த சர்க்கரையைச் சீக்கிரம் கண்டுபிடித்து, டாக்டர் மேற்பார்வையில் மருந்தைக் குறைத்து, கொஞ்ச காலம் இன்சுலின் போட்டு, சாப்பாட்டையும் மாற்றினால் பல பூனைகளுக்கு இன்சுலின் தேவையே இல்லாமல் போய்விடுகிறது. தாமதித்தால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

இதயம்: பூனைகளில் இதயத் தசை தடித்துப் போகும் நோய் சகஜம். ஏறத்தாழ ஏழு பூனைகளில் ஒன்றுக்கு இது இருப்பதாக வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. நம்மூரில் ஆசையாக வாங்குகிற பெர்ஷியன் இனத்திலும் இது வருகிறது. வெளியே ஓர் அறிகுறியும் இருக்காது. அப்படிப்பட்ட பூனைக்கு ஸ்டீராய்டு, அதிலும் நீண்ட நாள் வேலை செய்யும் ஊசி போட்டால், இரத்த ஓட்டத்தில் நீர்ச்சுமை கூடி, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரலாம்.

தோல்: தொடர்ந்து கொடுத்தால் தோல் மெலிந்து போகும். கழுத்தைப் பிடித்துத் தூக்கினாலே நனைந்த காகிதம் மாதிரி கிழிந்துவிடும் அளவுக்குப் போவதும் உண்டு. காது நுனி மடங்கும். முடி மெலியும். வயிறு தொங்கும், ஆனால் முதுகுச் சதை கரைந்து எலும்பு தட்டுப்படும். குண்டாகத் தெரிகிற பூனையைத் தடவிப் பார்த்தால்தான் இது புரியும்.

தொற்று: ஸ்டீராய்டு அரிப்பை மட்டும் அடக்குவதில்லை, நோய் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்குகிறது. சிறுநீர்ப் பாதையில் கிருமி புகுந்தாலும் எரிச்சல் தெரியாமல் உள்ளேயே வளரும். குட்டியாக இருந்தபோது வந்துபோன சளிக் கிருமி மறுபடி தலைதூக்கும். படர்தாமரை இருந்தால் உடம்பெல்லாம் பரவும். அந்தப் படர்தாமரை மடியில் வைத்துக் கொஞ்சுகிற குழந்தைகளுக்கும் தொற்றும் என்பதை நினைவில் வையுங்கள்.

வயிறு: ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வலி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பையிலும் குடலிலும் புண் வந்து, இரத்தக் கசிவு வரை போகலாம். இரண்டு டாக்டரிடம் மாற்றி மாற்றிப் போகிறவர்கள் முதல் டாக்டரின் சீட்டை இரண்டாவது டாக்டரிடம் காட்டாமல் இருக்கவே கூடாது.

ஊசியா, மாத்திரையா?

'மாத்திரை கொடுக்கப் போனா கையைக் கடிச்சிடுது டாக்டர். ஊசின்னா ஒரே தடவையில முடிஞ்சிடுது' என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். மெதில் ப்ரெட்னிசலோன் அசிடேட் போன்ற நீண்ட நாள் ஊசி, போட்ட இடத்திலிருந்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். நடுவில் சர்க்கரை ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ, உள்ளே போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை. மாத்திரை என்றால் டாக்டர் அளவைக் குறைக்கலாம், ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுக்கச் சொல்லலாம்.

ஆகவே, மாத்திரை கொடுக்கவே முடியாது என்கிற பூனைக்கு, வேறு வழியில்லாதபோது எப்போதாவது போடுவது வேறு. இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று வழக்கமாக்கிக் கொள்வது வேறு.

இன்னொன்று. மனிதர்களுக்குத் தருகிற ப்ரெட்னிசோன், ப்ரெட்னிசலோன் இரண்டும் பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம். முதலாவது பூனையின் உடம்பில் சரியாக வேலை செய்வதில்லை. பூனைக்கு இரண்டாவதுதான் ஏற்றது. மருந்துக் கடையில், 'இதுவும் அதுவும் ஒண்ணுதான் சார்' என்று சொன்னால் நம்பி வாங்கி வராதீர்கள். அப்பாவுக்கு இழுப்புக்கு வாங்கி மீதமிருக்கிற மாத்திரையைக் கண்ணளவில் உடைத்துக் கொடுப்பதும் கூடவே கூடாது.

திடீரென்று நிறுத்தினால்?

இதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி.

வெளியிலிருந்து ஸ்டீராய்டு தாராளமாக வந்துகொண்டிருந்தால், 'நமக்கு இனி வேலை இல்லை' என்று அட்ரினல் சுரப்பி தூங்கிவிடும். சில வாரங்களிலேயே இது ஆரம்பமாகிவிடும். மாதக்கணக்கில் என்றால் நல்ல ஆழ்ந்த தூக்கம். அந்த நேரத்தில் நீங்கள் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால், வெளியிலிருந்தும் வரவில்லை, உள்ளேயும் சுரக்கவில்லை. உடம்பைத் தாங்குவதற்கு ஆளே இல்லை!

என்னிடம் முழங்கால் வலிக்கு வந்துகொண்டிருந்த ஓர் அம்மாவின் வீட்டில் ஒன்பது வயதுப் பூனை. ஆஸ்துமாவுக்காக ஒரு வருஷமாகத் தினமும் ஸ்டீராய்டு மாத்திரை. யாரோ, 'ஐயையோ, ஸ்டீராய்டா? கிட்னி போயிடும்' என்று பயமுறுத்த, அவர் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டார். நாலாம் நாள் என்னிடம் வந்தார்.

'டாக்டர், பூனை ரெண்டு நாளா எதையும் தொடலை. வாந்தி எடுக்குது. காதெல்லாம் சில்லுனு இருக்கு. கூப்பிட்டா தலையைக்கூடத் தூக்க மாட்டேங்குது. ஸ்டீராய்டு விஷம் இப்பத்தான் வெளியே வருதோ? ஏதாவது முறிவு மருந்து கொடுங்க.'

'அம்மா, விஷம் எதுவும் வெளியே வரலை. நீங்க நிறுத்தினதால வந்த வினை இது. முழங்காலை அப்புறம் பார்க்கலாம். இப்பவே ஆட்டோ பிடிச்சு பூனையை டாக்டர்கிட்ட கொண்டு போங்க. மாத்திரையை நிறுத்தி நாலு நாள் ஆச்சுன்னு உள்ளே நுழைஞ்சதுமே சொல்லுங்க' என்று அனுப்பி வைத்தேன்.

குளுக்கோஸும் உப்பும் ஏற்றி, ஸ்டீராய்டையே மறுபடி கொடுத்துத்தான் அதைப் பிழைக்க வைத்தார்கள். பிறகு பல வாரங்களில் படிப்படியாக அளவைக் குறைத்தார்கள். மூக்கிலும் வாயிலும் பொருந்துகிற சின்ன முகமூடி வைத்த 'இன்ஹேலர்' மூலம் மருந்து கொடுக்கப் பழக்கினார்கள். உடம்பு முழுக்கப் போகாமல் பெரும்பாலும் நுரையீரலிலேயே வேலை செய்யும் என்பதால் இதில் ஆபத்து குறைவு. பழகுவதற்கு இரண்டு வாரம் பிடித்தது. 'இப்ப முகமூடியைப் பார்த்தா அதுவே வந்து உட்காருது டாக்டர்' என்று அடுத்த தடவை சொன்னார்.

இதே மாதிரி, சாப்பிடாமல் இருப்பதும் பூனைக்குப் பெரிய ஆபத்து. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து மஞ்சள் காமாலை வந்துவிடும். 'பசிச்சா தானா சாப்பிடும்' என்று விடாதீர்கள்.

நாட்டு மருந்து கொடுக்கலாமா?

இதை ஒரு சித்த மருத்துவரே சொன்னால்தான் நம்புவீர்கள் என்பதால் சொல்கிறேன்: வேண்டாம்!

மனிதனுக்குச் சொன்ன மருந்தைக் கால் பங்காக்கினால் பூனைக்கு ஆகிவிடாது. பல மருந்துகளையும் எண்ணெய்ச் சத்துகளையும் மனிதக் கல்லீரல் ஒருவிதமான சர்க்கரை அமிலத்தோடு சேர்த்துக் கரைத்து வெளியே அனுப்பிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறமை மிகக் குறைவு. காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்கிற ஒரு 'பாராசிட்டமால்' மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் இரண்டும் பூனைக்கு நஞ்சு. எதைத் தோலில் தடவினாலும் பூனை நக்கி விழுங்கிவிடும். பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தச் சோகையில் கொண்டு விடும். பூண்டுச் சாறு கொடுத்தால் பூச்சி போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

குப்பைமேனிக்குப் 'பூனைவணங்கி' என்று ஒரு பெயர் உண்டு. அதன் வேரைக் கண்டால் பூனை மயங்கிப் புரளும் என்பதால் வந்த பெயர். 'பேரிலேயே பூனை இருக்கு, நமக்கும் சொறிக்குத் தடவுறோம், பூனைக்குத் தடவினா என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் குப்பைமேனியை உட்கொண்ட சில மனிதர்களுக்கே, குறிப்பாக 'ஜி6பிடி' என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, சிவப்பணுக்கள் உடைந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பூனையின் சிவப்பணு இயல்பிலேயே இன்னும் மென்மையானது. பூனைக்குப் பிடிக்கிறது என்பது வேறு, பூனைக்கு மருந்தாகும் என்பது வேறு.

அதிமதுரம் நல்ல மூலிகைதான். ஆனால் அதன் இனிப்புச் சத்து உடம்பில் கார்டிசாலின் வேலையை நீட்டிக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும். ஸ்டீராய்டு சாப்பிடும் மனிதர்களுக்கே நாங்கள் யோசித்துத்தான் கொடுக்கிறோம். பூனைக்கு இருமுகிறது என்று அதிமதுரப் பொடியைப் பாலில் கலக்காதீர்கள். பற்பம், செந்தூரம் பக்கமே போக வேண்டாம்.

இன்னொரு பெரிய மோசடி. 'பக்கவிளைவே இல்லாத மூலிகைப் பவுடர்' என்று பெயர் பலகை, லேபிள் எதுவும் இல்லாமல் பொட்டலத்தில் விற்கிற சில மருந்துகளில் ஸ்டீராய்டு மாத்திரையையே பொடித்துக் கலந்திருப்பார்கள். இழுப்பும் மூட்டு வலியும் ஒரே நாளில் மாயமாக மறைந்தால் சந்தேகப்படுங்கள். எங்கள் துறையின் பெயரைக் கெடுப்பதே இந்தப் பொட்டலங்கள்தான். ஸ்டீராய்டிலிருந்து தப்பிக்க ஓடி, அளவு தெரியாத ஸ்டீராய்டிலேயே போய் விழ வேண்டாம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்களே மிருகங்களுக்கு வைத்தியம் செய்யலாம். சென்னையில் வேப்பேரி, வெளியூர்களில் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவர்கள் சிக்கலான கேஸ்களை அங்கே காட்டலாம்.

காரணத்தைப் பிடித்தால் மருந்து குறையும்

மூலிகை வேண்டாம் என்றால் நாம் என்னதான் செய்வது? நிறைய இருக்கிறது!

அரிப்பு என்றால் முதலில் தெள்ளுப்பூச்சியைப் பாருங்கள். ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஒன்றிரண்டு கடியே போதும், உடம்பெல்லாம் சொறிய. வெள்ளைத் துணியில் பூனையை நிறுத்திப் பேன் சீப்பால் வாருங்கள். கறுப்புத் தூள் விழுந்தால் அதில் தண்ணீர் விடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. வீட்டில் உள்ள எல்லாப் பூனை, நாய்களுக்கும் ஒரே சமயத்தில் மருந்து போட வேண்டும். ஆனால் எச்சரிக்கை: நாய்க்கான 'பெர்மெத்ரின்' கலந்த மருந்து பூனைக்கு எமன்.

ஆஸ்துமா என்றால் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், சிகரெட், தூள் பறக்கும் மணல்... இவற்றைப் பூனை இருக்கும் அறையிலிருந்து அப்புறப்படுத்துங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது பூனையை மாடிக்கு அனுப்பிவிடுங்கள்.

உணவு ஒவ்வாமையா என்று கண்டுபிடிக்க, டாக்டர் சொல்கிற ஒரே வகை உணவை மட்டும் இரண்டு மாதம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் பாட்டி பாசமாகப் போடுகிற ஒரு துண்டு மீன்கூடக் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஸ்டீராய்டு சாப்பிடும் பூனைக்குப் பால் சோறு, தயிர் சாதம் வேண்டாம். பூனை மாமிசம் தின்னப் பிறந்த ஜீவன். மாவுச்சத்து எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். உப்புக் கருவாடும் வேண்டாம். பச்சை இறைச்சி கொடுத்தால் தொற்று வரும், வேகவைத்தே கொடுங்கள்.

ஸ்டீராய்டு இல்லாமல் முடியவே முடியாது என்ற நிலையிலும், 'சைக்ளோஸ்போரின்' போன்ற வேறு மருந்துகளைச் சேர்த்து அதன் அளவைக் குறைக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். அவரிடம் கேட்க வேண்டியவர் நீங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இந்த ஊசியில், மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கிறதா? பெயரைச் சீட்டில் எழுதித் தருகிறீர்களா?
2. எந்த நோய்க்காக? காரணம் என்னவென்று தெரிந்துவிட்டதா?
3. எத்தனை நாளைக்கு? எப்போது, எப்படிக் குறைப்பது?
4. ஆரம்பிக்கும் முன் சர்க்கரையும் இதயமும் பார்க்க வேண்டுமா? திரும்ப எப்போது பார்க்க வேண்டும்?
5. இன்ஹேலர், வேறு மருந்து என்று மாற்று வழி இருக்கிறதா?

'இதையெல்லாம் கேட்டா டாக்டர் கோபிச்சுக்குவாரோ?' என்று தயங்காதீர்கள். நல்ல டாக்டர் சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

வீட்டிலேயே கவனியுங்கள்

தண்ணீர்: அளந்து ஊற்றுங்கள், மிச்சத்தை மறுநாள் அளந்து பாருங்கள். நாலு கிலோ பூனை ஒரு நாளில் 200 மி.லி.க்கு மேல் குடிக்க ஆரம்பித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். 400 மி.லி.யைத் தாண்டினால் நிச்சயம் ஏதோ கோளாறு.

மணல் தட்டு: ஈரக்கட்டிகள் பெரிதாகின்றனவா, எண்ணிக்கை கூடுகிறதா?

எடை: பதினைந்து நாளுக்கு ஒரு முறை. பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பாருங்கள், பிறகு உங்கள் எடையைக் கழியுங்கள். நிறையச் சாப்பிட்டும் இளைத்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம்.

நடை: பின்னங்கால் பாதம் முழுவதும் தரையில் படிய, முயல் மாதிரி நடந்தால் சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

மூச்சு: தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை விலா ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 30க்கு மேல் தொடர்ந்து இருந்தால் தாமதிக்க வேண்டாம். வாயைத் திறந்து மூச்சு விட்டால் நடுராத்திரி ஆனாலும் ஓடுங்கள்.

வாசகர் சந்தேகங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனால் பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும் என்கிறார்களே?
உண்மைதான். அதனால் ஒரே ஒரு தடவை பார்த்த அளவை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். 'ஃப்ரக்டோசமைன்' என்று ஒரு இரத்தப் பரிசோதனை உண்டு. அது முந்தைய ஓரிரு வாரங்களின் சராசரியைக் காட்டிவிடும். அதைக் கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் போட்டுக்கொள்கிற தோல் களிம்பைப் பூனையின் புண்ணில் தடவலாமா?
கூடாது. பல களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. பூனை நக்கினால் அது உள் மருந்தாகவே ஆகிவிடும். 2018ஆம் ஆண்டு 14 வகை ஸ்டீராய்டுகள் கலந்த களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. மனிதர்களுக்கே இப்படி என்றால், பூனைக்கு?

பூனை இணை தேடிக் கத்தாமல் இருக்க மாத்திரை கொடுக்கிறோம். அதிலும் ஆபத்து உண்டா?
உண்டு. அவை வேறு வகை ஹார்மோன் என்றாலும் பூனையின் உடம்பில் ஸ்டீராய்டு போலவே சர்க்கரையை ஏற்றக் கூடியவை. மார்பகக் கட்டியும் வரலாம். கருத்தடை அறுவை சிகிச்சையே நல்லது.

என் பூனைக்கு ஆயுள் முழுக்க ஸ்டீராய்டு தேவை என்கிறார் டாக்டர். என்ன செய்வது?
தைரியமாகக் கொடுங்கள். குறைந்த அளவில், சரியான பரிசோதனைகளோடு பல வருஷம் நன்றாக இருக்கிற பூனைகள் உண்டு. காரணம் தெரிந்து, அளவு தெரிந்து, கண்காணித்துக் கொடுப்பதில் தவறே இல்லை.

கடைசியாக ஒன்று. இன்று சாயங்காலம் பூனையின் மருந்துச் சீட்டுகளை எல்லாம் எடுத்து வரிசையாக அடுக்குங்கள். கடைசி ஒரு வருஷத்தில் எத்தனை ஊசி, எத்தனை மாத்திரை என்று ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். இப்போது கொடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை அப்படியே தொடருங்கள். அந்தத் தாளோடு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். 'எத்தனை நாளைக்கு டாக்டர்?' என்று பூனையால் கேட்க முடியாது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.